நீண்ட நாவலைப் பள்ளி ஆண்டுக்குள் படித்து முடிக்க: எல்லையோரத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

'பொன்னியின் செல்வன்' 1950-இல் கல்கி வார இதழில் தொடங்கி 1954-இல் முடிந்தது. முதன்முதலில் படித்தவர்கள் வாரத்துக்குக் கொஞ்சமாக மூன்று ஆண்டுக்கு மேல் படித்தார்கள். அடுத்த இதழ் வரும் வரை வீட்டிலும் திண்ணையிலும் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். அதே கதையை இன்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் கையில் கொடுத்து, "லீவு முடியறதுக்குள்ள படிச்சிட்டு வா" என்கிறோம். பிள்ளை நாற்பதாம் பக்கத்தில் நின்றுவிட்டால், "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாசிப்பே இல்லை" என்று முடிவுகட்டுகிறோம்.

பெரும்பாலும் குற்றம் பிள்ளையிடமும் இல்லை, நாவலிடமும் இல்லை. நாள் கணக்கு, பாத்திரங்களைக் குறித்துவைக்கும் பெயர்த்தாள், பின்தங்கினால் மீண்டு வர ஒரு வழி, இந்த மூன்றும் இல்லாமல் தொடங்குவதுதான் கோளாறு. தொடர்கதையாகப் பிறந்த நாவலைத் தொடர்கதையாகவே படிக்க வேண்டும். கீழே உள்ள முறை முழுவதும் அந்த ஒரு நம்பிக்கையில் நிற்கிறது.

கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளிகளையும், இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீர்மேடு மலைப் பள்ளிகளையும் மனத்தில் வைத்து இது எழுதப்படுகிறது. இங்குள்ள பிள்ளைகள் வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் பேசுகிறவர்கள். பழைய நாவலைப் படிக்கும்போது அது சில இடங்களில் பெரிய பலம், சில இடங்களில் பொறி.

புத்தகம் வாங்கும் முன்

கல்கியின் எழுத்துகள் 1999-இல் நாட்டுடைமை ஆயின. அதனால் பல பதிப்பகங்கள் பல அளவில் அச்சிடுகின்றன: ஐந்து தனித்தனிப் பாகங்கள், ஒரே தடித்த புத்தகம், சுருக்கப் பதிப்பு. வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருந்தால் நாலைந்து பதிப்புகளாவது வந்து சேரும். ஆசிரியர் "112-ஆம் பக்கத்தை எடுங்க" என்றதும் வகுப்பு குழம்பும். எனவே முதல் நாளிலிருந்தே பக்க எண்ணைக் கைவிடுங்கள். பாகம், அத்தியாயம் என்று மட்டும் பேசுங்கள்.

கையில் இருப்பது முழுப் பதிப்பா என்று பார்க்க எளிய வழி, பொருளடக்கத்தில் அத்தியாயங்களை எண்ணுவது. புது வெள்ளம் 57, சுழற்காற்று 53, கொலைவாள் 46, மணிமகுடம் 46, தியாக சிகரம் 91. ஆக மொத்தம் 293. குறைந்தால் அது சுருக்கம். சுருக்கத்தைப் படிப்பது பாவமில்லை. ஆனால் வகுப்பில் பாதிப் பேர் முழுசும் பாதிப் பேர் சுருக்கமும் வைத்திருந்தால் பேச்சு ஒட்டாது. எதுவானாலும் எல்லோரும் ஒன்றையே படிக்கட்டும்.

ஊர் வாயனசாலையில் (நூலகத்தில்) தமிழ்ப் புத்தகங்கள் ஓரிரு அலமாரிக்கு மேல் இருப்பது அரிது. பாலக்காட்டுப் பக்கத்தார் பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ போகும்போது வாங்கலாம். மூணாறுப் பக்கத்தாருக்குப் போடியும் தேனியும் கிட்டம். வாங்க முடியாதவர்களுக்கு மதுரைத் திட்டம் இணையத்தில் முழு நாவலையும் இலவசமாகத் தருகிறது. ஆனால் போனில் மட்டும் படிக்கும் பிள்ளை முன்னே போகும், பின்னே திரும்பாது. பெயர் மறந்தால் பத்து அத்தியாயம் புரட்டிப் பார்க்கத் திரையில் பொறுமை வராது. முடிந்தால் முதல் பாகமாவது அச்சில் இருக்கட்டும்.

ஐந்து பாகத்தையும் ஒரே அட்டையில் கட்டிய புத்தகத்தைப் பிள்ளைக்கு வாங்காதீர்கள். பையில் வைக்க முடியாது, படுத்துக்கொண்டு பிடிக்க முடியாது, முதுகு பிரிந்து தாள் உதிரும். அதோடு, இவ்வளவு மீதி இருக்கிறதே என்று தினமும் கண்ணில் படும்.

நாள் கணக்கு

கேரளப் பள்ளிகளுக்கு ஜூன் 19 நல்ல தொடக்க நாள். கிரந்தசாலை (நூலக) இயக்கத்தை வளர்த்த பி.என். பணிக்கரின் நினைவு நாளான அன்று வாசிப்பு தினம் கொண்டாடப்படுகிறது. எப்படியும் பள்ளியில் ஏதோ ஒரு நிகழ்ச்சி நடக்கும். அன்றைக்கு உறுதிமொழி வாசிப்பதோடு முதல் அத்தியாயத்தை உரக்கப் படித்துத் தொடங்கிவிடுங்கள்.

ஒரு பள்ளி நாளுக்கு 2 அத்தியாயம், சனி ஞாயிறு ஓய்வு என்றால் வாரம் 10. 293 அத்தியாயத்துக்கு 30 வாரம். கேரளப் பரீட்சை நாள்காட்டியில் இதை இப்படிப் பொருத்தலாம்:

ஜூன் 19 முதல் ஓணப் பரீட்சை வரை ஏறக்குறைய 10 வாரம். முதல் பாகம் முழுவதும், இரண்டாம் பாகத்தில் 40-க்குச் சற்று மேலும் முடியும். இரண்டாம் பாகத்தின் மிச்சப் பத்து அத்தியாயம் ஓண விடுமுறைக்கு. ஓணம் கழிந்து கிறிஸ்துமஸ் பரீட்சைக்குள் மூன்றாம், நான்காம் பாகங்கள், 92 அத்தியாயம். இந்தப் பருவத்தில் ஒன்றிரண்டு வாரம் மிஞ்சும். கலோத்சவம் என்ற கலைவிழாவும் விளையாட்டு விழாவும் அதைத் தின்றுவிடும், கவலை வேண்டாம். கிறிஸ்துமஸ் விடுமுறையிலிருந்து பிப்ரவரி கடைசிக்குள் ஐந்தாம் பாகம், 91 அத்தியாயம். மார்ச் ஆண்டுப் பரீட்சைக்குக் கைகளைக் காலியாக வைக்க வேண்டும்.

பரீட்சை வாரத்தில் நாவல் கூடாது, ஒரு பக்கம்கூட. பரீட்சைக்குப் படிக்கும் நேரத்தைத் திருடிய புத்தகம் என்ற பெயர் விழுந்துவிட்டால் பிள்ளை அதற்குத் திரும்பாது. எஸ்.எஸ்.எல்.சி. எழுதும் பத்தாம் வகுப்புக்கு இந்தத் திட்டமே வேண்டாம். எட்டும் ஒன்பதும்தான் இதற்கு ஏற்ற வகுப்புகள்.

இப்போது வேகத்தை அளக்க வேண்டும். வகுப்பில் உரக்கப் படிக்கும் முதல் எட்டு அத்தியாயங்களுக்கு அடுத்த மூன்றைப் பிள்ளை மௌனமாகப் படிக்கட்டும், நேரத்தைக் குறித்து மூன்றால் வகுங்கள். ஓர் அத்தியாயத்துக்கு 15 நிமிடம் ஆனால் நாளுக்கு இரண்டு சுலபம். 25 நிமிடத்துக்கு மேல் போனால் நாளுக்கு ஒன்றாகக் குறைத்துவிடுங்கள். அந்தக் கணக்கில் முதல் பாகம் 57 பள்ளி நாள். முதல் இரண்டு பாகங்களும் சேர்ந்து 110 நாள், அதாவது 22 வாரம். அந்த ஆண்டுக்கு அதுவே போதும். ஆனால் இரண்டாம் பாகத்தின் கடைசியில் கதை முடியாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், இத்தனை நாள் படித்தும் முடிவு கிடைக்கவில்லையே என்று பிள்ளை ஏமாந்துபோகும்.

யாருக்கு யார் வாரிசு: தொடங்கும் முன் ஐந்து வரி

பல பிள்ளைகள் திணறுவது மொழியில் அல்ல, வம்சாவளியில். நாவலின் சண்டை அரியணை யாருக்கு என்பதைப் பற்றியது. அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் படித்தால், ஏன் இத்தனை பேர் இருட்டில் கூடிப் பேசுகிறார்கள் என்பதே விளங்காது. கரும்பலகையில் இவ்வளவு போதும்:

முதலாம் பராந்தகரின் மூத்த மகன் இராஜாதித்தர் தக்கோலப் போரில் இறந்தார். அடுத்த மகன் கண்டராதித்தர் அரசரானார். அவருடைய மகன் மதுராந்தகன் அப்போது சின்னக் குழந்தை. அதனால் ஆட்சி கண்டராதித்தரின் தம்பி அரிஞ்சயர் வழியாக, அரிஞ்சயரின் மகன் சுந்தர சோழருக்கு வந்தது. சுந்தர சோழரின் பிள்ளைகள் ஆதித்த கரிகாலன், குந்தவை, அருள்மொழிவர்மன்.

இனிக் கேள்வி: அடுத்த பட்டம் சுந்தர சோழரின் மகனுக்கா, மூத்த கிளையின் மகனான மதுராந்தகனுக்கா? இதை வகுப்பில் பத்து நிமிடம் விவாதிக்க விடுங்கள். பாகப்பிரிவினை பார்த்த வீட்டுப் பிள்ளைகள் நன்றாகவே வாதாடுவார்கள். அதற்குப் பிறகு கடம்பூர் மாளிகையில் நடக்கும் நடுநிசிக் கூட்டம் அவர்களுக்கு உள்ளூர்ச் செய்தி போல ஆகிவிடும்.

பெயர்த்தாள்

இந்த முறையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள்.

ஓர் ஏ4 தாளை நெடுக்காக மடித்துப் புத்தகத்துக்குள் அடையாளத் தாளாக வையுங்கள். நான்கு கட்டங்கள்: பெயர், வேறு பெயர்கள், யார் பக்கம், கடைசியாகப் பார்த்தது எங்கே (அத்தியாய எண்ணுடன்). மூன்றாம், நான்காம் கட்டங்களைப் பென்சிலால்தான் எழுத வேண்டும், ஏனென்றால் அவை மாறிக்கொண்டே இருக்கும்.

'வேறு பெயர்கள்' என்ற கட்டத்தில்தான் பிள்ளைகள் வழி தவறுவதும் மீள்வதும். குந்தவையே இளைய பிராட்டி. நந்தினியே பழுவூர் இளைய ராணி. இரண்டு 'இளைய' வந்தவுடன் இருவரும் ஒருவரே என்று நினைத்துப் பத்து அத்தியாயம் தப்பாகப் படித்துப்போவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. சின்னப் பழுவேட்டரையரைக் காலாந்தக கண்டர் என்றும் சொல்வார்கள். ஆழ்வார்க்கடியானுக்குத் திருமலை என்றும் பெயர். வல்லவரையன் என்றாலும் வாணர் குலத்து வீரன் என்றாலும் வந்தியத்தேவன்தான். புத்தகத்தின் பெயரே ஒருவரின் பட்டப்பெயர். அருள்மொழிவர்மன்தான் பொன்னியின் செல்வன்.

ஒரே நாளில் எல்லாப் பெயரையும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். ஆசிரியர் தயாரித்துக் கொடுத்த பட்டியலைப் பிள்ளை பார்ப்பதில்லை, தானே எழுதியதைத்தான் பார்க்கும். ஒருவர் இரண்டாவது தடவை கதைக்குள் வரும்போது தாளில் ஏற்ற வேண்டும். ஒரே தடவை வந்து போகும் காவலாளியும் பல்லக்குத் தூக்கியும் தாளில் வேண்டாம்.

தாளின் பின்புறம் ஒரு வழிப்படம். காஞ்சியை மேலே வையுங்கள். அங்கிருந்து கீழே வீரநாராயண ஏரி, கடம்பூர், கொள்ளிடம், குடந்தை, தஞ்சை, பழையாறை, தென்கிழக்கு மூலையில் கோடிக்கரை, கடலுக்கு அப்பால் இலங்கை. வந்தியத்தேவன் போகும் வழியைச் சிவப்புப் பேனாவால் இழுத்துக்கொண்டே போகலாம். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. குதிரையில் போகிறானா, படகில் போகிறானா என்று தெரிந்தால் போதும்.

முதல் வாரம்: எட்டு அத்தியாயம், கூடி இருந்து

முதல் எட்டு அத்தியாயங்களை வீட்டுப்பாடமாகக் கொடுக்கவே கூடாது. வகுப்பில் உரக்கப் படியுங்கள். ஆசிரியர் ஒரு பக்கம், நன்றாகப் படிக்கும் பிள்ளை ஒரு பக்கம். திக்கிப் படிக்கும் பிள்ளையை இந்த வாரம் எழுப்பாதீர்கள். அந்தத் திக்கலில் கதை அறுந்துபோவது ஒரு பக்கம் இருக்க, அந்தப் பிள்ளைக்கு இந்தப் புத்தகம் என்றாலே அவமானம் என்று பதிந்துவிடும்.

ஏன் எட்டு? 'ஆடித் திருநாள்' என்று தொடங்கும் கதை நாலாம் அத்தியாயத்தில் கடம்பூர் மாளிகைக்குள் நுழைகிறது. அன்றிரவு நடப்பவை எட்டாம் அத்தியாயமான 'பல்லக்கில் யார்?' வரை ஒரே மூச்சாகப் போகின்றன. அந்தக் கேள்விக்கு விடை தெரிந்த பிள்ளை ஒன்பதாம் அத்தியாயத்தைத் தானே திறக்கும். மூன்றாம் அத்தியாயத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அது ஆழ்வார்க்கடியானின் சமயச் சண்டையோடு நின்றுபோகும். அந்தச் சண்டையின் சுவை பெரியவர்களுக்குத்தான் முதலில் பிடிபடும்.

மலையாளம் உதவும் இடமும் ஏமாற்றும் இடமும்

முதல் பாகத்தின் பெயரிலேயே பொறி இருக்கிறது. மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். சித்தூர்ப் பிள்ளை 'புது வெள்ளம்' என்பதைப் 'புதுத் தண்ணீர்' என்று வாசித்துக் கடந்துவிடும். தமிழில் அது ஆற்றுப் பெருக்கு. ஆடிப் பதினெட்டில் காவிரி கரைபுரண்டு வருகிறது, அதைப் பார்க்க ஊரே கூடுகிறது. கதைக்குள் வரப்போகும் கொந்தளிப்புக்கும் அதுவே பெயர். தண்ணீர் என்று படித்தால் தலைப்பின் பாதி உயிர் போய்விடும்.

இதை விளக்கப் பாலக்காட்டிலேயே நல்ல சான்று இருக்கிறது. ஆடி இங்கே கர்க்கடகம், அடைமழைக் காலம். அந்த மழை அட்டப்பாடியில் பெய்தால் பவானி ஆற்றில் சேர்ந்து கிழக்கே போய்க் காவிரியில் விழுகிறது. வயநாட்டு மழை கபினி வழியாகப் போகிறது. சோழநாட்டில் வெயில் அடிக்கும்போதும் ஆற்றில் பெருக்கு வருவதற்குக் காரணம் மேற்கு மலையின் மழைதான். நம் ஊரில் குடை பிடிக்கிறோம், அங்கே ஆடிப்பெருக்கு கொண்டாடுகிறார்கள் என்று சொன்னால் பிள்ளை மறக்காது.

இதுபோல் ஏமாற்றும் வேறு சில சொற்கள்: அவசரம் என்பது மலையாளத்தில் வாய்ப்பு, தமிழில் விரைவு. சம்சாரம் அங்கே பேச்சு, இங்கே மனைவி அல்லது குடும்பம். பட்டி அங்கே நாய், இங்கே ஊர் அல்லது ஆட்டுப்பட்டி. களி அங்கே விளையாட்டு, பழைய தமிழ் எழுத்தில் மகிழ்ச்சி. 'களிகொண்டான்' என்று வந்தால் விளையாடினான் என்று எழுதும் விடைத்தாள் நிச்சயம் வரும். வகுப்புச் சுவரில் ஓர் அட்டை ஒட்டி இப்படிச் சொற்கள் கிடைக்கக் கிடைக்கப் பிள்ளைகளே சேர்க்கட்டும்.

உதவும் பக்கம் இதைவிடப் பெரியது. பழைய நாவல்களில் வடசொற்கள் நிறைய: பிரவேசம், பிரயாணம், சம்பாஷணை, பிரயத்தனம், அந்தரங்கம். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலருக்கு இவை தடைக்கல். ஜூன் மாதம் 'பிரவேசனோத்சவம்' கொண்டாடிப் பள்ளிக்குள் வந்த பிள்ளைக்குப் 'பிரவேசித்தான்' புரியாமல் போகாது. 'நோக்கினான்', 'உறங்கினான்' என்ற எழுத்துத் தமிழும் அப்படியே. நோக்கு, உறக்கம், வாள், படை எல்லாம் மலையாளத்தில் தினமும் காதில் விழும் சொற்களோடு ஒட்டியவை. ஸ, ஷ, ஹ, க்ஷ போன்ற கிரந்த எழுத்துகளின் ஒலியும் அவர்களுக்குப் பழக்கம். இதைப் பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். எல்லையில் வாழ்வதால் தமிழ் குறைந்துவிட்டது என்றே கேட்டுக் கேட்டு வளர்கிறார்கள். இங்கே அவர்கள் கை ஓங்கியிருக்கிறது.

அகராதியைப் பற்றி ஒரே விதி. படிக்கும் நடுவில் அகராதி தொடக்கூடாது. தெரியாத சொல்லுக்குக் கீழ் பென்சில் கோடு. அதே சொல் மூன்றாவது தடவை வந்தால், அல்லது அது தெரியாமல் யார் யாரை என்ன செய்தார் என்றே விளங்காவிட்டால், அத்தியாயம் முடிந்தபின் பார்க்கலாம். ஓர் அத்தியாயத்துக்கு ஐந்து சொல்லுக்கு மேல் வேண்டாம்.

நீண்ட வாக்கியத்தைப் பிரிப்பது

கல்கியின் வாக்கியங்கள் பெரும்பாலும் சிறியவை. 1879-இல் அச்சான 'பிரதாப முதலியார் சரித்திரம்' போன்ற முதல் தலைமுறை உரைநடையைக் கொடுத்தால்தான் இந்தப் பயிற்சி கட்டாயம் தேவைப்படும். ஒரு வாக்கியமே அரைப் பக்கம் ஓடும்.

இரண்டு படி. முதலில் வாக்கியத்தின் கடைசிக்குப் போய் வினைமுற்றைப் பிடியுங்கள். அதைச் செய்தவர் யார் என்று கேளுங்கள். பிறகு முன்னால் வந்து எச்சங்களைப் பாருங்கள். இங்கே இலக்கண வகுப்பில் படித்தது உண்மையாகவே கை கொடுக்கும். 'வந்து', 'திறந்து', 'கேட்டு' என்ற 'செய்து' வகை எச்சங்களுக்குப் பொதுவாகக் கடைசி வினையின் எழுவாய்தான் எழுவாய். "காவலன் எழுந்து, விளக்கை ஏற்றி, கதவைத் திறந்தான்" என்றால் எல்லாம் காவலனே செய்தது. 'பெய்ய', 'வர' போன்ற 'செய' வகை எச்சம் வந்தால் ஆள் மாறலாம் என்று விழிக்க வேண்டும். "மழை பெய்ய, ஏரி நிறைய, காவலன் கரைக்கு ஓடினான்" என்பதில் மூன்று எழுவாய்.

இதைப் பலகையில் பத்து வாக்கியத்தில் பழக்கினால் போதும். அரைப் பக்க வாக்கியம் நாலைந்து துண்டாக உடைந்து விழும். சேர்த்து எழுதிய நீளச் சொற்களையும் இப்படியே பென்சில் கோடு போட்டுப் பிரிக்கலாம்: 'இருந்தாளாதலால்' என்பது இருந்தாள் + ஆதலால்.

எதைத் தாண்டலாம்

தாண்டிப் படிப்பது திருட்டுத்தனம் அல்ல. அதற்கு ஒழுங்கு மட்டும் வேண்டும். முதலில் தாண்டத்தக்கது வரலாற்று விளக்கம்: கல்வெட்டு, செப்பேடு, இன்னின்ன அரசர் இன்னின்ன கோயில் என்று ஆசிரியர் நின்று பேசும் பத்திகள். இரண்டாவது, நகர வருணனை. முதல் நாலு வரி படித்துவிட்டு நகரலாம். பாடல்கள் வந்தால் தாண்டாமல் ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள்; பொருள் பிறகு வரட்டும்.

தாண்டவே கூடாதவை: உரையாடல், ஓலையில் எழுதியிருப்பது, யாராவது ஒளிந்து கேட்கும் இடம், அத்தியாயத்தின் கடைசிப் பக்கம். வாரத் தொடரில் அடுத்த இதழை வாங்க வைக்கும் முடிச்சு அந்தக் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கும். மறுநாள் படிக்க உட்காரும்போது நேற்றைய கடைசிப் பக்கத்தை மறுபடி படித்துவிட்டுத் தொடங்கினால், 'எங்கே விட்டோம்' என்ற தடுமாற்றம் இருக்காது.

பின்தங்கியவர் மீள்வது

மூன்றாவது வாரத்தில் வகுப்பு இரண்டாகப் பிரியும். காய்ச்சல், கல்யாணம், சபரிமலைக் காலம், கடை வேலை. ஒரு வாரம் விட்டால் பத்து அத்தியாயம் கடன். அந்தக் கடனை அடைக்க ஒரே இரவில் உட்கார்வதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. இருபது அத்தியாயத்தை அவசரமாக விழுங்கிய பிள்ளைக்கு ஒன்றும் நினைவில் நிற்காது. அதற்கடுத்த வாரம் புத்தகத்தையே மூடிவிடும்.

மீளும் வழி இது. விட்ட அத்தியாயங்களின் தலைப்புகளை வரிசையாகப் படிக்கவும். ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்தை மட்டும் படிக்கவும். பிறகு, விடாமல் படித்த ஒரு தோழனோ தோழியோ ஐந்து நிமிடம் கதை சொல்லட்டும், அதைக் கேட்டுப் பெயர்த்தாளைத் திருத்தவும். மறுநாள் வகுப்பு எங்கே இருக்கிறதோ அங்கிருந்து சேர்ந்துகொள்ளவும். விட்டதைப் பிறகு விரும்பினால் படிக்கலாம். விரும்பும், ஏனென்றால் தோழன் சொன்ன கதையில் எப்போதும் ஏதாவது ஓட்டை இருக்கும்.

வீட்டில் பெரியவர்களுக்குத் தமிழ் எழுத்து தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இரவுச் சோற்றுக்குப் பின் பத்து நிமிடம் பிள்ளை படிக்க, அம்மாவோ பாட்டியோ கேட்கட்டும். "அப்புறம் அந்த ஓலை என்னாச்சு?" என்று மறுநாள் பாட்டி கேட்பதற்கு ஈடான தூண்டுதல் எந்த மதிப்பெண்ணிலும் இல்லை.

படித்தார்களா என்று அறிவது

அத்தியாயம்தோறும் சுருக்கம் எழுதி வரச் சொல்வதை நிறுத்துங்கள். 293 சுருக்கம் எழுத வேண்டிய பிள்ளை கதையைப் படிப்பதில்லை. பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் படிக்கிறது. "இதை யார் யாரிடம் கூறினார்?" என்ற கேள்வியும் நோட்ஸ் படித்தவரைத்தான் தூக்கிவிடும்.

வெள்ளிக்கிழமை ஐந்து நிமிடம், வாய்மொழியாக, மூன்று கேள்வி போதும். ஓலை இப்போது யார் கையில் இருக்கிறது? இந்த வாரம் யாருக்குத் தெரியாத ஒன்று வாசகருக்குத் தெரியும்? பெயர்த்தாளில் யாரைப் பற்றிய 'யார் பக்கம்' கட்டத்தை அழித்து எழுதினாய், ஏன்? மூன்றாவது கேள்விக்கு ஒரே சரியான விடை கிடையாது. படிக்காதவர் அதற்குப் பொய் சொல்ல முடியாது. படித்தவர் பேசத் தொடங்கினால் நிறுத்த மாட்டார்.

2022-இலும் 2023-இலும் இரண்டு பாகமாக வந்த திரைப்படத்தைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகளைக் கடிந்துகொள்ள வேண்டாம். முகங்கள் தெரிந்திருப்பது பெயர்த்தாளுக்கு உதவும். ஆனால் படம் பல பாத்திரங்களையும் நிகழ்ச்சிகளையும் விட்டிருக்கிறது, சிலவற்றை மாற்றியிருக்கிறது. வேறுபாடுகளை அத்தியாய எண்ணோடு குறித்து வரச் சொன்னால், படம் பார்த்தவரும் புத்தகத்தைத் திறந்தே ஆக வேண்டும்.

மலையாள நாவலை எடுத்தால்

சில பள்ளிகளில் மலையாளமும் படிப்பதால் சி.வி. ராமன் பிள்ளையின் 'மார்த்தாண்ட வர்மா' (1891) வந்து சேரும். அதற்கும் இதே முறைதான். இரண்டு எச்சரிக்கை மட்டும் கூடுதலாக.

ஒன்று, வாரிசு. சோழர் கதையைப் படித்த பிள்ளை, அரசருக்குத் தம்பிமார் என்ற மகன்கள் இருக்கும்போது மருமகன் ஏன் பட்டத்துக்கு வருகிறான் என்று குழம்பும். திருவிதாங்கூரில் மருமக்கத்தாயம், சகோதரியின் மகனுக்கே உரிமை. அதை மறுத்து மகன்கள் கிளம்புவதுதான் கதையின் முடிச்சு. முதல் பக்கத்துக்கு முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். இரண்டு, மாறுவேடம். பெயர்த்தாளில் 'இவர் உண்மையில் யார்?' என்று ஐந்தாவது கட்டம் போட்டுக் கேள்விக்குறியோடு விட்டுவையுங்கள். அத்தியாயத் தலைப்பில் வரும் செய்யுளை முதலில் விட்டுவிட்டு, அத்தியாயம் முடிந்ததும் திரும்பிப் படித்தால் எளிதில் புரியும்.

கதையின் முக்கிய இடமான பத்மநாபபுரம் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாவட்டம் 1956-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, அரண்மனையைக் கேரள அரசு பராமரிக்கிறது. பள்ளிச் சுற்றுலாவை அந்தப் பக்கம் வைத்தால், பாதி நாவல் படித்த நிலையில் கூட்டிப்போங்கள். முடித்தபின் போனால் அரண்மனை பார்ப்பார்கள். பாதியில் போனால் சதிக்கு வழி தேடுவார்கள்.

கடைசி வாரம்

ஐந்தாம் பாகத்தின் கடைசிப் பத்து அத்தியாயங்களுக்கு நாள் கணக்கு வேண்டாம். ஒரு சனிக்கிழமையை விட்டுக்கொடுங்கள். வேகம் தானாக வரும்.

கதை முடிந்தபின் கல்கி எழுதிய முடிவுரை ஒன்று இருக்கிறது. அதை உடனே படிக்க விடாதீர்கள். தொடராக வந்தபோது வாசகர்கள், இன்னார் பிறகு என்ன ஆனார் என்று கேட்ட கேள்விகளுக்கு அவர் அங்கே பதில் சொல்கிறார். அதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு இன்னும் விளங்காத மூன்று கேள்விகளைப் பெயர்த்தாளின் அடியில் எழுதட்டும். பிறகு முடிவுரையைத் திறந்து எந்தக் கேள்விக்குப் பதில் வந்திருக்கிறது என்று டிக் போடட்டும். பதில் வராத கேள்விகளை எல்லாம் ஒரு பலகையில் எழுதிவைத்து, ஆண்டுப் பரீட்சை தொடங்கும் வரை அழிக்காமல் விடுங்கள்.